கல்லா வேறு, குடும்பச் செலவு வேறு: கடை முதலாளி தனக்கு எவ்வளவு எடுக்கலாம்?

இரவு கடையை அடைக்கும்போது கல்லாவில் இருப்பதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவது நம் சிறு வியாபாரிகள் பலரின் வழக்கம். 'என் கடை, என் பணம்' என்பார்கள். ஆனால் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி, கட்டட வாடகை, வேலையாளின் கூலி எல்லாம் அந்தக் கல்லாவுக்குள்தான் கலந்து கிடக்கின்றன. அவை பிறருடைய ஹக்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் வியாபாரி. கலீஃபாவானதும் முழு நேரமும் மக்கள் பணிக்கே போனதால், அவர்களின் குடும்பத்துக்குத் தேவையானது பைத்துல்மாலிலிருந்து ஒதுக்கப்பட்டது. உழைப்பவர் எடுத்துக்கொள்வது குற்றமில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும்.

தனி ஒருவரின் கடை

ஒரு மளிகைக் கடையில் மாத விற்பனை 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்ற சரக்கின் அடக்கம் 2,40,000. வாடகை, மின்சாரம், கூலி 25,000. மீதி 35,000 மட்டுமே லாபம். முதலாளி வீட்டுக்கு 50,000 எடுத்தால், கூடுதலான 15,000 முதலிலிருந்தோ கடன்காரரின் பணத்திலிருந்தோதான் போகிறது.

எனவே சில மாதங்களின் சராசரி லாபத்தைப் பார்த்து, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை மாதத் தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். குறித்த தேதியில் மட்டும் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி, எண்ணெயையும் அடக்க விலைக்கு எழுதுங்கள். பெருநாள் செலவு, பிள்ளைகளின் கட்டணம் போன்றவற்றுக்கு ஆண்டுக் கணக்கு முடித்தபின் மிஞ்சிய லாபத்திலிருந்து எடுக்கலாம்.

ஜகாத்துக்கும் இந்தக் கணக்கு உதவும். செலவாகிவிட்ட தொகை கணக்கில் வராது. எடுத்து வீட்டில் சேமித்த பணம், கடைச் சரக்கு, ரொக்கத்துடன் சேர்த்தே கணக்கிடப்படும்.

கூட்டு வியாபாரம்

பங்காளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி செய்கிறார்கள் என்று ஸாத் அத்தியாயத்தின் 24ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஒருவர் கடையில் நிற்கிறார், மற்றவர் வெளிநாட்டில் இருந்து முதல் போட்டிருக்கிறார். நிற்பவர் சொல்லாமல் எடுத்தால் அது அமானிதத்தில் கைவைப்பது.

ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும் முளாரபாவில், உழைப்பவருக்கு லாபத்தில் விகிதமே பேச வேண்டும். மாதம் இவ்வளவு என்று உறுதி செய்யக் கூடாது. மாதந்தோறும் வாங்குவதை முன்பணமாக வைத்து, ஆண்டிறுதியில் கழித்துக்கொள்ளலாம்.

இருவரும் முதல் போட்டிருந்தால், ஹனஃபி மத்ஹபில் உழைப்பவருக்கு லாப விகிதத்தைக் கூட்டலாம். ஷாஃபிஈ மத்ஹபில் லாபம் முதலின் விகிதப்படியே. நஷ்டம் எல்லா மத்ஹபிலும் முதலின் விகிதப்படிதான். ஆகவே உங்கள் ஆலிமிடம் கேட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்கு வழிகாட்டி.

அரசு வரி

இந்தியாவில் தனி முதலாளி தனக்கென எடுப்பது கடைச் செலவாகாது. லாபம் முழுவதற்கும் வரிக் கணக்கு உண்டு. கூட்டு நிறுவனத்தில், உழைக்கும் பங்குதாரரின் சம்பளம் ஒப்பந்தப் பத்திரத்தில் இருந்தால், சட்டம் சொல்லும் வரம்பு வரை செலவாக ஏற்கப்படும். 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமோ வட்டியோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். வட்டி சட்டத்தில் இருந்தாலும் நமக்கு ஹராம். பத்திரத்தில் அந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

தந்தையின் கடை

மூத்த மகன் இருபது ஆண்டுகள் தந்தையின் கடையில் நிற்கிறான். அவன் கூலிக்காரனா, பங்காளியா, உதவிக்கு நின்றவனா என்று யாரும் பேசுவதில்லை. தந்தை மௌத்தானபின் கடை தன்னுடையது என்கிறான். சகோதரிகளோ வாரிசுப் பங்கு கேட்கிறார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. ஜனாஸா தூக்கிய வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

தந்தை உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் மகனுக்குச் சம்பளமா பங்கா என்று முடிவு செய்து எழுதிவையுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.