முழு நூலும் துண்டு வரியும்

1868ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கு என்று பிரசித்தி பெற்ற வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த ஒரு விதி, ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் வெகுகாலம் புத்தகங்களின் தலைவிதியை நிர்ணயித்து வந்தது. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தவர் கையில் அகப்பட்டால் அவர்களைச் சீரழிக்கும் இயல்பு நூலுக்கு உண்டா என்பதே அவர் கேட்கச் சொன்ன கேள்வி. அதன் விளைவாக, ஆசிரியரின் நோக்கம் யாது, நூல் மொத்தத்தில் என்ன சொல்லுகிறது என்ற விசாரணை பின்னே தள்ளப்பட்டு, ஆபாசமென்று தோன்றும் நாலு வரிகளைப் பிரித்தெடுத்துக் காட்டினாலே நூல் முழுவதும் குற்றவாளியாகிவிடும் நிலை உண்டாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் ராத் வழக்கில் இந்த அளவுகோலைக் கைவிட்டது. நம் நாட்டு உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயினும், சட்டம் துறந்த வழக்கத்தைப் பள்ளி நிர்வாகிகள் அவ்வளவு சுலபமாகத் துறந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்னும் கல்வி வட்டாரத்தைச் சேர்ந்த கல்விக் குழு உறுப்பினர் சிலர், 1975 செப்டம்பரில் பெற்றோர் சங்கமொன்று கூட்டிய மாநாட்டுக்குச் சென்று, ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். நவம்பர் மாதத்து இரவொன்றில் அவர்களுள் இருவர் உயர்நிலைப் பள்ளி நூலகத்துள் புகுந்து, பட்டியலில் கண்ட நூல்களில் ஒன்பது அங்கே இருக்கக் கண்டார்கள். நடுநிலைப் பள்ளி நூலகத்திலும் பாடத்திட்டத்திலும் இருந்தவற்றைச் சேர்த்து நூல்கள் பதினொன்றாயின. ரிச்சர்ட் ரைட்டின் சுயசரிதை, லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகள், கர்ட் வானகட்டின் யுத்த நாவல், புலிட்சர் பரிசு பெற்ற பெர்னார்ட் மாலமட்டின் ‘தி ஃபிக்ஸர்’ ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு சமூகம் தன் வேதனையைத் தானே எழுதி வைத்த ஏடுகளையும் அழுக்கென்று தள்ளத் துணிந்த அந்த மனப்பான்மையை என்னால் மன்னிக்க இயலவில்லை.

இந்நூல்களை அகற்றுமாறு கல்விக் குழு சொன்னதற்கு எதிர்ப்பு எழவே, பெற்றோர் நால்வரும் பள்ளி ஊழியர் நால்வரும் அடங்கிய குழுவொன்று அந்நூல்களைப் படித்து அபிப்பிராயம் கூற நியமிக்கப்பட்டது. ஐந்து நூல்களை வைத்துக்கொள்ளலாமென்று அது பரிந்துரைத்தும், கல்விக் குழு ஒரே ஒரு நூலை மட்டும் தடையின்றித் திரும்ப அனுமதித்து, மற்றொன்றைப் பெற்றோர் சம்மதத்தோடு கொடுக்கலாமென்று கூறி, எஞ்சிய ஒன்பதையும் விலக்கியது. அப்போது ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவர், சக மாணவர் நால்வருடன் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தார்.

1982 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், மாணவர் பக்கம் முடிவு கூறியது. கருத்துப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் நூலகத்து நூலை அகற்றலாகாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். அதற்கு முழுப் பெரும்பான்மை கிட்டவில்லை. மாறுபட்ட நீதிபதி பவல், தம் தீர்ப்பின் பின்னிணைப்பாகச் சேர்த்தவையும் அந்நூல்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளே. காக்பர்னின் நிழல் நூறாண்டுக்குப் பின்னும் அங்கே விழுந்திருந்தது.

வட்டாரத்துக் கல்விக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் நூல்களை மீண்டும் நூலகத்தில் வைக்க வாக்களித்தது.