மூணு பெட்டிச் சாப்பாடு

என் காலேஜ் ஹாஸ்டல்ல செவ்வாய்க்கிழமைன்னா கோதுமை ரவை உப்புமா. ரெண்டு வருஷம், ஒரு வாரம்கூட தப்பாம. மோசமான உப்புமான்னு சொல்ல மாட்டேன். ஆனா திங்கட்கிழமை ராத்திரியே "நாளைக்கு அதுதானே"ன்னு தோணிடும், பசி பாதி போயிடும். அந்த 'அதுதானே' ஒரு ராணுவத்தையே படுத்தின கதைதான் இன்னிக்கு.

1944, வடக்கு பர்மா. 'மெரில்ஸ் மராடர்ஸ்' என்ற பெயரில் சுமார் 3,000 அமெரிக்க வீரர்கள் ஜப்பானியப் படைக்குப் பின்னால் போய்த் தாக்கக் காட்டுக்குள் நடந்தார்கள். சாப்பாடு விமானத்திலிருந்து விழும். பெரும்பாலும் 'கே ரேஷன்'. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று அட்டைப் பெட்டி. சின்ன டப்பாவில் இறைச்சியோ சீஸோ, கூட பிஸ்கட், காபித்தூள், எலுமிச்சைத் தூள், சிகரெட், சூயிங்கம். மூன்று பெட்டியும் சேர்ந்தால் ஏறக்குறைய 2,800 கலோரி.

சில நாள் அவசரத்துக்காகச் செய்த பெட்டி அது. இவர்கள் மாதக்கணக்கில் தின்றார்கள். மூட்டையோடு மலை ஏறுகிற ஆளுக்கு அந்தக் கலோரி பத்தாது. கொடுமை என்னன்னா, கொடுத்ததையும் முழுசா சாப்பிடல. எலுமிச்சைத் தூள் யாருக்கும் பிடிக்காமல் தூக்கிப் போட்டார்கள். வைட்டமின் சி-யை ராணுவம் வைத்திருந்ததே அதில்தான்! மே 17-ல் மிச்சினா விமானத்தளத்தைப் பிடித்தபோது பலரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, டைபஸ் எல்லாமே அவர்களைச் சாய்த்தன. சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனா தட்டில் இருப்பது வயிற்றுக்குள் போகாவிட்டால் அதில் எத்தனை கலோரி இருந்து என்ன?

போருக்குப் பிறகு சிகாகோவில் இருந்த ராணுவ உணவு ஆய்வுக்கூடம் இதைக் கையில் எடுத்தது. டேவிட் பெரியாம் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 'ரொம்பப் பிடிக்கும்' முதல் 'சுத்தமா பிடிக்காது' வரை 9 படி வைத்து வீரர்களிடம் மார்க் வாங்கினார்கள். 1950-களில், ஒரே மெனுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி சலிக்கவில்லை. டப்பா இறைச்சி சீக்கிரம் கசந்தது. ரொட்டி, காபி, இனிப்பு அப்படியே நின்றன. நமக்குப் புரியாததா? சோறு தினமும் இறங்கும், தினமும் அதே கூட்டு இறங்காது.

எனக்குப் பிடித்தது 1961-ல் பெரியாமும் கேமனும் எழுதிய கட்டுரை. தங்கள் மெனுவைத் தாங்களே போட்டுக்கொண்டவர்களுக்கு, அதே பண்டம் திரும்பி வந்தாலும் சலிப்பு குறைவு என்றார்கள். நான் சாட்சி. மூணாவது வருஷம் மெஸ் கமிட்டில நான் இருந்தேன். உப்புமாவை எடுக்கல, வியாழக்கிழமைக்கு மாத்தினோம், அவ்ளோதான். ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டு சாப்பிட்டேன்!

இன்றைய அமெரிக்க ராணுவப் பொட்டலமான 'எம்.ஆர்.ஈ.' 1981-ல் 12 மெனுவோடு வந்தது. 1991 வளைகுடாப் போரில் வீரர்கள் திட்டித் தீர்த்த பிறகு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 24 ஆனது. ஆனாலும் பெட்டிக்குள் கைவிட்டால் வருவதுதான் கிடைக்கும். அதனால் பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலை சாப்பிடுவது இல்லை, பண்டமாற்று: "என் சீஸ் உனக்கு, உன் கேக் எனக்கு."