மேலே ஏறிய எஞ்சின்: சிறு நீர்நில விமானங்களில் எஞ்சின் கோளாறும் மோதி இறங்குதலும்

விபத்துப் பதிவேடுகள் எஞ்சின் கோளாறை ஒரு வகையாகவும் தரையிறக்கத்தில் நேரும் மோதலை வேறொரு வகையாகவும் பிரித்து வைக்கின்றன. சக்கரத்தில் மட்டும் இறங்கும் விமானங்களுக்கு இந்தப் பிரிவு ஓரளவு சரி. நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிறு விமானங்களுக்கு அது பொருந்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இவற்றில் எஞ்சின் நிற்பதற்கும் விமானம் மோதி இறங்குவதற்கும் பெரும்பாலும் மூலம் ஒன்றுதான்: புரொப்பல்லரைத் தண்ணீரிலிருந்து விலக்கி உயரத்தில் வைத்தாக வேண்டிய கட்டாயம். வடிவமைப்பாளர்கள் அந்தக் கட்டாயத்தை எப்படியெல்லாம் சமாளித்தார்கள் என்பதை இங்கே காலவரிசையில் பார்க்கலாம். இரண்டு முதல் எட்டுப் பேர் வரை அமரும் விமானங்களே முதன்மைப் பொருள். பெரிய பறக்கும் படகுகள் சான்று தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

தொடக்க கால அனுபவம்

பிரான்சின் மார்த்தீக் நகருக்கு அருகே, பெர் என்னும் உப்பேரியிலிருந்து 1910 மார்ச் 28 அன்று ஆன்ரி ஃபாப்ர் எழும்பினார். எஞ்சின் விசையால் நீரிலிருந்து பறந்த முதல் விமானம் அது. 50 குதிரைத்திறன் கொண்ட நோம் சுழல் எஞ்சின் அதன் பின்புறத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கிளென் கர்டிஸ் சான் டியாகோவில் மிதவை விமானத்தை ஓட்டிக் காட்டினார். சில வாரங்களில் அதற்குச் சக்கரமும் பூட்டினார். நீர்நில விமானத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

1912இல் கர்டிஸ் படகு உடல் கொண்ட விமானத்துக்கு வந்தபோது, அது தண்ணீரை விட்டுக் கிளம்ப மறுத்தது. படகின் அடிப்பாகத்தில் குறுக்காக ஒரு படி வெட்டிய பிறகே நீரின் உறிஞ்சல் விட்டது. அந்தப் படி இன்றைய நீர்நில விமானங்களிலும் இருக்கிறது.

என் வாதத்துக்கு இதைவிட முக்கியமான சான்று 1914இல் கிடைக்கிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் நோக்கத்தோடு கர்டிஸ் கட்டிய ‘அமெரிக்கா’ என்ற பெரிய பறக்கும் படகு, ஹாமண்ட்ஸ்போர்ட்டில் உள்ள கியூகா ஏரியில் சோதனைக்கு இறங்கியது. எஞ்சின்களுக்கு விசை கூட்டக் கூட்ட அதன் மூக்கு தண்ணீருக்குள் அமிழ்ந்தது. எடை மையத்துக்கு வெகு மேலே எஞ்சின்கள் இருந்ததால் உந்துவிசை மூக்கைக் கீழே தள்ளியது. முன்பகுதியில் கூடுதல் மிதப்புப் பகுதிகளைச் சேர்த்து அதைச் சரிக்கட்டினார்கள். நோய் இருந்த இடத்திலேயே இருக்க, அறிகுறிக்கு மட்டும் மருந்து கொடுத்த முதல் நிகழ்வு என்று இதைச் சொல்வேன்.

எஞ்சின் நின்றால் மூக்கு ஏன் எழுகிறது

சாதாரண விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருக்கிறது. அது நின்றால் பெரும்பாலும் மூக்கு தானே தாழ்ந்து, வேகம் ஓரளவு காக்கப்படும். உயரத்தில் எஞ்சின் வைத்த நீர்நில விமானத்தில் நடப்பது நேர்மாறு. பறக்கும்போது உந்துவிசை மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருப்பதால், விமானி அதை ஈடுகட்டும்படி வால் பரப்பைச் சரிசெய்து வைத்திருப்பார். எஞ்சின் நின்ற நொடியில் தாழ்த்தும் விசை மறைந்துவிடும்; ஈடுகட்டிய அமைப்பு மட்டும் மிஞ்சும். மூக்கு எழும். நின்றுபோன புரொப்பல்லரும் எஞ்சினைத் தாங்கும் தூணும் மேலே காற்றைத் தடுத்து அதே திசையில் இன்னும் இழுக்கும். படகு உடலின் காற்றுத்தடையும் சேர, வேகம் சட்டென்று சரியும்.

அப்போது விமானி செய்ய வேண்டியது கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுவது. தரை நெருங்கும் வேளையில் கை அதற்குச் சம்மதிப்பதில்லை. தள்ளினால் செங்குத்தான இறக்கம், தள்ளாவிட்டால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை. சரியாகத் தள்ளியவருக்கும் மூக்கை நிமிர்த்த ஒரே ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும். ஓர் ஆள் உயரம் முன்னதாக நிமிர்த்திவிட்டால் வேகம் தீர்ந்து விமானம் அப்படியே விழும்.

விழும் இடம் தண்ணீர் என்பது ஆறுதல் அல்ல. கிணற்றில் வயிறு படக் குதித்தவர்களுக்கு அது எவ்வளவு கெட்டியான பொருள் என்று தெரியும். தியோடர் ஃபான் கார்மன் 1929இல் அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழுவுக்காக எழுதிய குறிப்பில் இந்த மோதலைக் கணக்கில் கொண்டுவந்தார். அடிப்பாகம் தட்டையாக நெருங்க நெருங்க அழுத்தம் எல்லையின்றி ஏறுவதை அது காட்டியது. 1932இல் ஜெர்மனியின் ஹெர்பர்ட் வாக்னர் அந்தக் கணக்கை விரிவாக்கினார். பிற்கால அமெரிக்கச் சிறு விமான விதிகளில் வந்த நீர்மோதல் சூத்திரமும் இந்த வழியில் வந்ததே. அதன்படி தாங்க வேண்டிய சுமை ஸ்டால் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அடிப்பாகத்தின் V வடிவக் கூர்ச்சாய்வு கூடினால் குறையும். ஸ்டால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால் சுமை ஒன்றரை மடங்குக்கும் மேல். சாய்வு 20 பாகையிலிருந்து 10 ஆனாலும் ஏறத்தாழ அதே அளவு கூடும். சக்கரக் காலில் அதிர்வுதாங்கி உண்டு. படகு உடலில் அந்த வேலையையும் தகடே செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல், அலையே இல்லாத கண்ணாடி நீர். அதன் மேல் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. எஞ்சினுக்குக் கொஞ்சம் விசை கொடுத்து, மூக்கை ஒரே நிலையில் வைத்து, நிமிடத்துக்கு 150 அடி அளவில் மெல்ல இறங்கித் தானாகத் தொடவிடுவதே பாடநூல் முறை. அந்த முறைக்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் நின்றவருக்குக் கண்ணாடி நீரில் பாடநூல் உதவாது. கரையோரமோ மிதக்கும் பொருளோ கண்ணுக்கு அளவுகோலாகக் கிடைத்தால் உண்டு.

மூன்று மாற்று வழிகள்

எஞ்சினைத் தூணில் உயர்த்துவதற்கு மாற்றாக முயன்ற முதல் வழி அமெரிக்க வடிவமைப்பாளர் குரோவர் லோனிங்குடையது. 1920களின் நடுவில் அவர் லிபர்ட்டி எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினார். சிலிண்டர்கள் கீழே தொங்க, சுழல்தண்டு மேலே வந்தது. எஞ்சின் மூக்கிலேயே இருக்க, புரொப்பல்லர் மட்டும் படகின் முனைக்கு மேலே சுழன்றது. தூண் தேவைப்படவில்லை. 1925இல் ஆய்வுப் பயணி மேக்மில்லன் தலைமையிலான ஆர்க்டிக் பயணத்துக்கு இந்த விமானங்களையே கொண்டுபோனார்கள். லோனிங்கிடம் பணியாற்றிய லிராய் கிரம்மன் பின்னர் ‘டக்’ விமானத்தில் அதே உருவத்தைத் தொடர்ந்தார். ஆனால் இவை பெரும்பாலும் ராணுவத்தின் பணத்தில் பறந்தவை. தனியார் வாங்கும் சிறு விமானத்துக்கு இந்தப் பருத்த உருவம் ஏற்கவில்லை.

இரண்டாவது வழி இரண்டு எஞ்சின். கிரம்மனின் 1937ஆம் ஆண்டு ‘கூஸ்’ விமானத்தில் 450 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு, அது வெற்றிபெற்றது. அதன் தம்பியாக 1940இல் வந்த ‘விஜன்’ தலா 200 குதிரைத்திறன் ரேஞ்சர் எஞ்சின்களோடு திணறியது. பல விஜன்களுக்குப் பின்னாளில் வலுவான எஞ்சின் மாற்றப்பட்டதே அந்த முதல் தேர்வின் மீதான தீர்ப்பு. இந்திய வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி: 1953இல் கொச்சியில் தொடங்கிய நம் கடற்படை விமானப் பிரிவின் முதல் விமானங்கள் பிரிட்டனின் ஷார்ட் சீலேண்ட் என்ற இரட்டை எஞ்சின் நீர்நில விமானங்கள்தான். கடற்படை வாங்கியவை பத்து. உலகில் மொத்தம் கட்டப்பட்டவையே 25.

மூன்றாவது வழிதான் மிகச் சுவாரசியமானது. பெர்சிவல் ஸ்பென்சர் வடிவமைத்த ரிபப்ளிக் ‘சீபீ’, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 4,000 டாலருக்கும் குறைந்த அறிமுக விலையில் சந்தைக்கு வந்தது. எஞ்சினைத் தூணில் ஏற்றாமல் கேபினின் பின்பக்க முதுகிலேயே புதைத்தார்கள். உந்துவிசைக் கோடு தாழ்ந்தது. கூடவே குளிர்ச்சியும் போயிற்று. முன்னே கேபின் மறைக்க, பின்னே புரொப்பல்லர் சுழல, 215 குதிரைத்திறன் ஃபிராங்ளின் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. நீரில் முழு விசையோடு மெதுவாக ஓடும் நேரமே அதிக வெப்பம் எழும் நேரம். காற்றோட்டம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். சுமார் 1,360 கிலோ எடைக்கு அந்த எஞ்சின் சிறியதும்கூட. நின்றுவிட்டால் சீபீ இறங்கும் கோணம் அதன் விமானிகளிடையே நெடுங்காலக் கேலிப்பொருள். 1,060 விமானங்களோடு 1947 அக்டோபரில் உற்பத்தி நின்றது. ஆனால் அதன் உடல் அசாத்திய உறுதி. அதனால் உரிமையாளர்கள் எஞ்சினை மாற்றி மாற்றி ஓட்டினார்கள்: லைகமிங், இரட்டை எஞ்சின் கொண்ட ‘ட்வின் பீ’, கடைசியில் கார்வெட் காரின் வி8.

தூணை ஏற்றுக்கொண்ட மரபு

கிரம்மனிலிருந்து வெளியேறிய டேவிட் தர்ஸ்டன் கட்டிய ‘ஸ்கிம்மர்’ 1948 ஜூலையில் பறந்தது. எஞ்சின் தூண் மேல் தயக்கமின்றி ஏறி நின்றது. இதுவே ‘லேக் எல்ஏ-4’ ஆக வளர்ந்து, 1970இல் 200 குதிரைத்திறன் ‘பக்கனியர்’ ஆயிற்று. ஒற்றை எஞ்சின் நீர்நில விமானம் என்றதும் பலர் மனத்தில் தோன்றும் உருவம் இதுதான். தூணில் இருந்ததால் எஞ்சினுக்குக் காற்று கிடைத்தது. விலையாக, மேலே விவரித்த மூக்கெழுச்சி முழுதாகத் திரும்பியது. எரிபொருள் தொட்டி கீழே படகு உடலில், எஞ்சின் மேலே. ஆகவே புவியீர்ப்பால் எரிபொருள் இறங்க வழியில்லை. பம்பையே நம்ப வேண்டும். பின்னோக்கிய புரொப்பல்லர் என்பதால் எஞ்சின் மூடியிலிருந்து ஒரு திருகு கழன்றாலும் அது நேரே புரொப்பல்லர் இலைகளுக்குள் போகும். நீர்த்திவலை இலைகளை அரிக்கும், உப்புக் காற்று மின்இணைப்புகளை அரிக்கும். கார்புரேட்டர் எஞ்சின்களில், ஈரம் மிகுந்த ஏரிக்காற்றில் விசையைக் குறைத்து இறங்கும்போது பனி அடைக்கும். அதாவது தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும்போதுதான் எஞ்சின் நிற்பதற்கான காரணங்கள் கூடுகின்றன.

சக்கரம் சேர்த்த ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படையின் ‘வால்ரஸ்’ நீர்நில விமானம் ஒன்று, அட்மிரல் ரோஜர் பேக்ஹவுஸ் உள்ளே இருக்க, போர்ட்லண்டில் சக்கரத்தை மடக்காமல் நீரில் இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சிறு காயங்களோடு தப்பினார்கள். சக்கர நிலையைக் காட்டும் கருவி அதற்குப் பிறகு அந்த விமானத்தில் பொருத்தப்பட்டது. மறுபக்கம், சக்கரம் இறக்காமல் புல்தரையில் இறங்கினால் படகு உடல் பெரும்பாலும் கீறலோடு பிழைக்கும். அவசரத்தில் எந்தத் தவறு மன்னிக்கப்படும், எது மன்னிக்கப்படாது என்று விமானி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ரோட்டாக்ஸ் காலம்

1980, 90களில் வீட்டுக் கொட்டகையில் கட்டும் கிட் விமானங்கள் பெருகின. இவற்றில் பல இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பறந்தன. அவை எடை குறைந்தவை; முன்னறிவிப்பின்றி நிற்கக்கூடியவை. 1992இல் பறந்த ‘சீரே’ போன்றவை பின்னர் நான்கு ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் 912 வரிசைக்கு மாறின. ஒரு நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய பாதுகாப்பு முன்னேற்றம் இந்த எஞ்சின் மாற்றம்தான் என்பது என் கணிப்பு. வடிவம் மாறவில்லை, எஞ்சின் நிற்பது அரிதாகியது.

2004இல் அமெரிக்கா இலகு விளையாட்டு விமான விதியைக் கொண்டுவந்து, நீரில் இறங்குபவற்றுக்கு சுமார் 650 கிலோ எடை வரம்பு வைத்தது. 2008இல் முதலில் பறந்த ஐகான் ஏ5, சுழன்று விழாமல் தடுக்கும் இறக்கை அமைப்பைக் காரணம் காட்டி 2013இல் 762 கிலோ வரை விலக்குப் பெற்றது. ரோட்டாக்ஸ் 912 எஞ்சின், முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் வசதி என்று பல பாடங்கள் அதில் உண்டு. 2017 ஏப்ரலில் ஓர் ஏ5 மயாமி அருகே கடலில் மோதி இறங்கி, உடல் உடைந்து நீர் புகுந்தது. அதே ஆண்டின் இரண்டு உயிர்ப்பலி விபத்துகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாழப் பறந்து நேர்ந்தவை அவை, எஞ்சின் அங்கே குற்றவாளியல்ல. ஏ5இன் எஞ்சினும் கேபினுக்கு மேலே, பின்புறத்தில்தான் இருக்கிறது.

ஆகவே இவ்வகை விமானத்தைக் கற்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். போதிய உயரத்தில், பயிற்றுநர் அருகில் இருக்க, விசையை முழுதாகக் குறைத்து மூக்கு எழுவதை உங்கள் கையால் உணருங்கள். கோலை முன்னே தள்ளப் பழகுங்கள். அந்தப் பயிற்சி முடியும் முன் தனியாகத் தண்ணீருக்குப் போகாதீர்கள்.