இந்திய ரூபாய்த் தாள்: வடிவ மாற்றங்களும் மக்கள் எதிர்வினையும்

கள்ளத்தாள் அச்சிடுவதைத் தடுக்கவும், அச்சுச் செலவைக் குறைக்கவும், ஆட்சி மாற்றத்தைச் சின்னத்தால் உணர்த்தவும் பணத்தாளின் உருவப்படம், நிறம், அளவு, எழுத்து முதலியவற்றைத் திருத்தி அமைப்பது வடிவ மாற்றம் எனப்படும். இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு எழுந்த எதிர்வினைகள் சின்னம், மொழி, நம்பகத்தன்மை, கையாளும் வசதி ஆகியவற்றை ஒட்டியவை. அவற்றுள் கடைசியாகக் குறித்ததே நீடித்து நின்றது.

விடுதலைக்குப் பின் மன்னரின் உருவத்துக்கு மாற்றாகக் காந்தியின் படத்தைப் பொறிக்க முதலில் எண்ணி, அதற்கான வரைவுகளும் ஆயத்தம் செய்யப்பட்டன. எனினும் இறுதியில் சாரநாத்தின் சிங்கத் தூண் தலைப்பே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1949இல் வெளியான 1 ரூபாய்த் தாளில் இடம்பெற்றது. 1953இல் தாள்களில் இந்தி முதன்மையாக அச்சிடப்பட்டபோது, 'ரூபாய்' என்பதன் இந்திப் பன்மை வடிவம் எது என்ற விவாதம் நடந்து, 'ருபயே' என முடிவாயிற்று. சிக்கனம் கருதி 1967இல் தாள்களின் அளவு குறைக்கப்பட்டது. காந்தியின் உருவம் தாங்கிய தனித் தொடர் 1996இல் வெளிவந்தது.

2016 நவம்பர் 8 அன்று பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டு, புதிய 500, 2000 ரூபாய்த் தாள்கள் வெளியிடப்பட்டபோது எதிர்வினை மிகக் கடுமையாக இருந்தது. 2000 ரூபாய்த் தாளில் இருப்பிடத்தைக் காட்டும் மின்னணுச் சில்லு பதிக்கப்பட்டிருப்பதாகப் பரவிய வதந்தியை அரசு மறுத்தது. சாயம் போகிறது என்ற புகாருக்கு, மையை மேடாகப் படியவைக்கும் செதுக்கு அச்சு முறையில் துணியால் தேய்த்தால் சற்று நிறம் ஒட்டுவது இயல்பே என விளக்கம் தரப்பட்டது. தொகை பெரிதாக இருந்ததால் 2000 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காமல் மக்கள் அலைந்தனர். பெரிய, சிறிய மதிப்புகளுக்கு இடையிலிருந்த இவ்விடைவெளியை 2017 ஆகஸ்டில் வந்த 200 ரூபாய்த் தாள் ஓரளவு நிரப்பியது.

புதிய தாள்களில் தேவநாகரி எண்கள் இடம்பெற்றமை தமிழ்நாட்டில் எதிர்ப்புக்குள்ளானது. ஒன்றியத்தின் அலுவல் பயன்பாட்டுக்கு இந்திய எண்களின் பன்னாட்டு வடிவத்தையே அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு குறிப்பிடுகிறது என வாதிட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது.

அளவு மாற்றத்தின் விளைவு முதலில் இயந்திரங்களிலும் பின்னர் மனிதரிடத்தும் வெளிப்பட்டது. புதிய தாள்களுக்கேற்ப நாடெங்கும் ஏடிஎம்களில் பணப்பெட்டிகள் திருத்தி அமைக்கப்பட வேண்டியிருந்தது. முந்தைய தொடரில் 50, 100, 500, 1000 ரூபாய்த் தாள்கள் 73 மி.மீ. அகலமும், ஒன்றுக்கொன்று 10 மி.மீ. நீள வேறுபாடும் கொண்டவை. புதிய தொடரிலோ 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் நீளம் முறையே 142, 146, 150 மி.மீ. ஆதலால், நீளத்தைத் தடவி மதிப்பை அறிந்துவந்த பார்வையற்றோர் 4 மி.மீ. வேறுபாட்டை உணரத் தடுமாறினர். பார்வையற்றோர் தேசியச் சங்கம் இது குறித்து மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது. கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் தாளை அறிந்து மதிப்பைக் குரலில் சொல்லும் 'மணி' செயலியை இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. வதந்திகளும் சாயம் பற்றிய புகார்களும் தாள்கள் பழகப்பழக ஓய்ந்தன; ஆனால் நீள வேறுபாடு தாளின் அமைப்பிலேயே இருப்பதால், செயலி வந்த பின்னரும் விரலால் மதிப்பறியும் வசதி முன்போல் திரும்பவில்லை.