மொரிஸ் மைனரின் முன்சில்லு: மலையகத்தின் எழுதப்படாத ஒரு வரலாறு

மலையக வரலாற்றை எழுதுவோர் கோப்பியில் தொடங்குவர். பின்னர் தேயிலை, லயம், புகையிரதப் பாதை, தொழிற்சங்கம், பிரசாவுரிமை என்று செல்வர். மோட்டார் கார் அந்த வரலாற்றில் துரைமாரின் ஆடம்பரமாக ஓரிரு வரிகளில் வந்து போகும். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் பட்டறைகளில் பழைய கார்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் மலையேற வைத்தவர்களின் வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மொரிஸ் மைனர் என்ற ஒரே காரின் முன்சில்லை வைத்து இங்கே சொல்ல முயல்கிறேன்.

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதற்குப் பத்தொன்பது நாட்களின் பின்னர், நவம்பர் 15ஆம் திகதி, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கிய சட்டம் அது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் அந்தக் காரும் அந்த மக்களும் ஒரே மலைப்பாதைகளில் வாழ நேர்ந்தது.

காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த மினி காரும் இவருடையதே. சிறிய வருமானக்காரருக்கான கார் என்பதற்காக அது வளைவுகளில் தடுமாறக் கூடாது என்பது அவரது பிடிவாதம். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததும் அதனை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவோ அதைப் பார்த்து அவித்த முட்டை போலிருக்கிறது என்றாராம். பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தை முதலில் எட்டியது அந்த 'முட்டை'தான். 1971இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

அந்தக் காரின் சிறப்பு அதன் முன்பக்கத்தில் இருந்தது. அக்காலச் சிறிய கார்கள் பலவற்றில் மாட்டு வண்டியைப் போல இரு முன்சில்லுகளையும் இணைக்கும் ஒரே அச்சும் வில்லும் இருந்தன. மைனரில் ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும். வில்லுக்குப் பதிலாக நீண்ட உருக்குக் கம்பி ஒன்று, முன்சில்லின் கீழ்க்கையிலிருந்து முன் ஆசனத்தின் அடிவரை காரின் நீளவாட்டில் செல்கிறது. பின்முனை அசையாது. சில்லு மேலெழும்போது கம்பி முறுகும். முறுகிய கம்பி மீளும்போது சில்லு இறங்கும். இதுதான் டோர்ஷன் பார். பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1934இலேயே இதனைக் காரில் பயன்படுத்தியிருந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1957 முதல் தன் கார்களின் முன்பக்கத்தில் இதே முறையைக் கையாண்டது. 'மசில் கார்' என்று இன்று கொண்டாடப்படும் டொட்ஜ் சார்ஜரும் பிளிமத் ரோட் ரன்னரும் நின்றது இத்தகைய முறுக்குக் கம்பியின்மீதுதான். அந்தக் கார்களின் முன்பக்கத்தை மீளக் கட்டும் அமெரிக்கருக்கு இன்று வேண்டிய பாகம் எல்லாம் பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கு வருகிறது. ஹட்டன் பட்டறைக்கு அவ்வசதி இருக்கவில்லை.

மைனரின் பலவீனமும் அங்கேதான் இருந்தது. சில்லைத் தாங்கும் கிங்பின்னின் இரு முனைகளிலும் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். மேலும் கீழும் டிரனியன் என்ற உருக்குத் துண்டுக்குள் அது திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தப் புரிதான் திரும்புகிறது. காரின் முன்பாரத்தைச் சுமப்பதும் அதே புரிதான். ஆயிரம் மைல்களுக்கு ஒரு தடவை அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். அதையும் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, பாரம் இறங்கிய நிலையில் அடித்தால்தான் கிரீஸ் உரிய இடத்துக்குப் போகும். கிரீஸ் போகாத புரி கொஞ்சங் கொஞ்சமாகத் தேயும். ஒருநாள் கீழ்ப் புரி கழன்றுகொள்ளும். அப்போது சில்லு மடிந்து மட்காட்டுக்குள் போய்விடும்; கார் மூக்குக்குப்புற விழும்.

சமதரையில் இது பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நிகழும், அவமானத்தோடு போய்விடும். மலையில் அப்படியன்று. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறும் பாதையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்புறச் சில்லின்மீது பாரம் சாய்கிறது. இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க முன்பக்கமே எல்லாவற்றையும் சுமக்கிறது. மழை கிரீஸைக் கழுவிவிடுகிறது. பிரதான வீதியை விட்டு இறங்கினால் தோட்டத்துக் கல்பாதை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்கும் ஹயர் காரில் எத்தனை உயிர்கள் அந்த விரலளவுப் புரியை நம்பியிருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, அந்தக் கார் ஏன் இத்தனை காலம் ஓட நேர்ந்தது என்பதற்கு வருவோம். 1950களில் துரைமாரும் டாக்டர்மாரும் நகரத்து வியாபாரிகளும் வாங்கிய கார்கள் இவை. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த ஈ.எல்., ஈ.என். இலக்கத் தகடுகளும், பெரும் சர்ச்சைக்கிடையே வந்த 'ஸ்ரீ' தகடுகளும் அவற்றின் வயதைக் காட்டும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய காருக்கும் வழியில்லை, உதிரிப்பாகத்துக்கும் பஞ்சம். இதற்கிடையில் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனார்கள். அவர்களுடைய கார்கள் கைமாறி ஹயர் கார்களாயின. இங்கிலாந்தில் பத்தாண்டுகளில் பழைய இரும்புக்குப் போக வேண்டிய கார், இங்கே முப்பதாண்டு, நாற்பதாண்டு ஓடியது.

ஓட வைத்தவர்கள் யார்? மலையகத்தில் இயந்திரத் தொழிலுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்ய 1854இல் கண்டியில் தொடங்கியது வோக்கர் நிறுவனம். பிரவுன் நிறுவனம் 1875இல் ஹட்டனிலேயே தொடங்கியது. ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலைக்கும் கொழுந்து அரைக்கும் ரோலரும், அதனைப் பழுதுபார்க்கும் ஆளும் வேண்டியிருந்தது. தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறிய பையன் சாரதியானான். சாரதிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவன் ஸ்பானர் பிடிக்கக் கற்றான். கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் அப்பால் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறந்திருந்த மிகச் சில கதவுகளில் பட்டறைக் கதவும் ஒன்று. அங்கே அவனுக்குக் கிடைத்த மரியாதைப் பெயர் 'பாஸ்'. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கைத்தொழில் தெரிந்தவரை அப்படியே அழைத்தனர்.

ஹட்டனில் ஒரு பாஸ் மைனரின் முன்பக்கத்தைப் பிரித்து மீளக் கட்டுவதை நான் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். முதலில் கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியை வைத்துப் பாரத்தைப் பிடித்தார். முறுகி நிற்கும் கம்பியை அவிழ்க்கும்போது அவசரப்பட்டால் கை போய்விடும் என்று உதவிப் பையனுக்குச் சொன்னார். ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்க, கம்பி தன் முறுக்கை விட்டது. இடக் கம்பிக்கு ஒரு கோடும் வலக் கம்பிக்கு இரு கோடுகளும் சுண்ணாம்பால் போட்டார். ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கத்தில் மாட்டலாகாது. கிங்பின்னின் புரியும் அப்படித்தான். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர். பிறகு டிரனியனை மண்ணெண்ணெயில் கழுவி, பின்னைக் கையால் திருகி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "சத்தம் வந்தா தேஞ்சிருச்சுனு அர்த்தம், ஐயா. கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் விட்டுட்டா ஆளப் போட்டுரும்" என்றார்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். லொறியின் பழைய அச்சு உருக்கைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து கிங்பின் செய்ததாகச் சொன்னார். லொறி டயரின் ரப்பரை வெட்டி புஷ் செய்தார்கள். முதுமையில் தளர்ந்து கார் ஒரு பக்கம் சரிந்தால், கம்பியின் பல்லை ஓரிடம் தள்ளி மாட்டி நிமிர்த்தினார்கள். கடைந்த பின் கம்பனிப் பின்னைப் போல உழைக்காது என்பதும் அவருக்குத் தெரியும். "அதனால கிரீஸ் அடிக்க எங்ககிட்டயே வரணும்னு சாரதிகள்ட்ட சத்தியம் வாங்கிக்குவோம்" என்றார். நாளேடு பார்த்து, மாதத்துக்கு இருமுறை அழைத்து அடித்தார்களாம். இல்லாத பாகத்தின் இடத்தை இந்தக் கண்காணிப்பு நிரப்பியது.

இந்தத் தொழிலறிவு மலையகத்திலேயே தங்கிவிடவும் இல்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நீலகிரிக்கும் தமிழகத்தின் பிற மாவட்டங்களுக்கும் கப்பலேறியவர்களில் கொழுந்து பறித்தோர் மட்டுமன்றிச் சாரதிகளும் மெக்கானிக்குகளும் இருந்தனர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இன்னும் பலரைப் பெயர்த்தன. பட்டறையில் பாதி கற்ற பையன் ஒருபுறம், கற்பித்த பாஸ் மறுபுறம் என்று பிரிந்த கதைகள் உண்டு. எஞ்சியோர் எல்லோருக்குமான பிரசாவுரிமைச் சட்டம் வந்தது 2003இல். அதற்குள் மொரிஸ் மைனர் ஐம்பத்தைந்து வயதுக் காராகிவிட்டது.

எழுதப்பட்ட வரலாறு எது என்பதையும் பாருங்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்தகாலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. அதில் ஓடியவர், வென்றவர், எடுத்த விநாடிகள் யாவும் பதிவில் உள்ளன. ஓட்டியவரின் சில்லைப் பூட்டியவர் பெயர் இல்லை. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், மைனரின் பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் தொழிலை இலங்கையர் ஒருவருடன் கூட்டாகத் தொடங்கினார். காரைப் பெற்ற நாடு, அதன் பாகத்துக்கு இந்தத் தீவை நாடிய விந்தை அது. அந்தக் கதையிலும் மலைநகரத்துப் பட்டறைக்காரருக்கு இடமில்லை.

இதைப் பழம்பெருமை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் நாடு வங்குரோத்தடைந்தது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பாகம் இல்லாதபோது பாகம் செய்யத் தெரிந்தவனைத் தேடி மக்கள் மறுபடியும் அலைந்தனர். 1970களில் கைக்கு வந்த அறிவில் ஒரு பகுதியை அதற்குள் நாம் மூத்தோரோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தோம்.

மலையகத்தின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் இளைஞர் பலர் இப்போது தோட்டம் தோட்டமாகச் செல்கின்றனர். லயங்களில் கேட்பதைப் போலவே பட்டறைகளிலும் கேட்குமாறு அவர்களை வேண்டுகிறேன். உலகின் எந்த மூலையில் இருந்து இதைப் படித்தாலும், உங்கள் தந்தையோ மாமனோ அந்நாளைய பாஸ் ஒருவராக இருந்தால், அவர் எந்தப் பட்டறையில் யாரிடம் தொழில் பழகினார், எதை எதிலிருந்து செய்தார் என்பதை ஒரு தாளிலேனும் எழுதி வையுங்கள்.