மலைக்குகைகளைத் தேடிச் சென்ற அறிஞர் ஐராவதம் மகாதேவன்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையை அறிஞருலகம் பெரிதும் அறிந்திருப்பது அங்குள்ள இசைக் கல்வெட்டினால்தான். ஆயின் அக்கல்வெட்டினும் பல நூற்றாண்டுகள் மூத்த எழுத்து ஒன்றும் அம்மலையில் உண்டு. இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட அச்சிறு வாசகம், நாழள் கொற்றந்தை என்பாரின் பள்ளி என்று படிக்கப்படுகிறது. கொற்றன் என்பவனுடைய தந்தையே கொற்றந்தை. சாத்தன் தந்தை சாத்தந்தை ஆவது போன்ற பழந்தமிழ்ப் பெயர் வழக்கு இது. தம் பெயரிலேயே மகனின் பெயரையும் தாங்கிய ஓர் இல்லறத்தாரின் நினைவை, சற்றேறக்குறைய 1700 ஆண்டுகளாக அப்பாறை காத்து வந்துள்ளது.

இத்தகைய வாசகங்களைத் தமிழகத்தின் குன்றுகள்தோறும் நேரிற்சென்று கண்டு, படித்து, ஒரு பெருந்தொகுப்பாக உலகின் முன் வைத்தவர் ஐராவதம் மகாதேவன். பிறப்பால் அவர் சமணர் அல்லர். எனினும் தமிழ்ச் சமணரின் தொன்மைக்கு எழுத்துச் சான்று தேடித் தந்தோருள் அவருக்குத் தனியிடம் உண்டு.

1930ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்த மகாதேவன் திருச்சிராப்பள்ளியில் பயின்று, சென்னையில் சட்டக் கல்வியும் முடித்து, 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். நாணயங்களிலும் பழைய எழுத்துகளிலும் அவருக்கு இளமையிலேயே நாட்டம் இருந்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் தூண்டுதல் அவரைக் குகைக் கல்வெட்டுகளின்பால் திருப்பிற்று.

அக்கல்வெட்டுகள் பாகத மொழியின என்றும், குகைகள் பௌத்தருடையன என்றும் அறிஞர் பலர் அந்நாளில் எண்ணியிருந்தனர். அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைத்தார். ஆயினும் எல்லா வாசகங்களும் தெளிவாகப் படிக்கப்படவில்லை. பழைய மைப்படிகளில் பாறையின் வெடிப்பும் எழுத்தின் கோடும் ஒன்றுபோலவே தோன்றின. எனவே மூலத்தையே காண்பது என்று மகாதேவன் முடிவு செய்தார். அரசுப் பணியினூடே 1962 முதல் 1966 வரை மதுரை, புதுக்கோட்டை, கரூர் முதலிய பகுதிகளின் குன்றுகளில் ஏறி இறங்கினார். இக்குகைகளுள் பல இன்றும் நல்ல வழியற்றவை. சில இடங்களில் எழுத்துகள் குகையின் நெற்றியில், எட்டாத உயரத்தில் அமைந்துள்ளன. வெயில் சாயும் கோணம் மாறினால்தான் சில கோடுகள் கண்ணுக்குப் புலனாகும்.

இம்முயற்சியின் பயனாக, கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டின் வாசகத்தை 1965இல் அவர் தெளிவாக்கினார். சேரர் குடியின் மூன்று தலைமுறைகளைக் குறித்து, இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர்க்குக் கல் வெட்டி அளிக்கப்பட்டதை அது கூறுகிறது. சங்க காலச் சேரரின் வரலாற்றுக்குக் கல்லில் சான்று கிடைத்த அதே வரியில், அவர்கள் போற்றிய துறவி சமணர் என்பதற்கும் சான்று கிடைத்தது.

குடுமியான்மலைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தொன்மையான கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவர்க்குச் சிறுபோசில் இளயர் என்பார் இருக்கை அமைத்த செய்தியைத் தருகிறது. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்று கொண்ட மகாதேவன், கருநாடகத்தின் வழியே சமண அறவோர் தமிழகம் வந்தனர் என்ற தம் கருத்துக்கு அதனைத் துணையாக்கினார். அதே தளத்தில் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட எழுத்துகளிலும் பெயர்கள் காணப்படுகின்றன. வந்த அறம் வேரூன்றி நெடுங்காலம் நிலைத்தது என்பதை அப்பெயர் வரிசை காட்டுகிறது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1990களில், அறுபது வயதைக் கடந்த நிலையில் மகாதேவன் மீண்டும் மலையேறினார். 1980களின் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு பெற்று, 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராகப் பணியாற்றி முடித்த பின்னர் அது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் துணையோடு ஒவ்வொரு கல்வெட்டையும் மறுபடி பார்த்துப் படித்தார். அவ்வுழைப்பின் கனியே 2003இல் வெளிவந்த ‘எர்லி தமிழ் எபிகிராபி’ என்னும் ஆங்கிலப் பெருநூல். தமிழ்-பிராமிக் குகைக் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை சமணம் சார்ந்தவை என்பதை அமணன், கணி, பள்ளி முதலிய சொற்களைக் கொண்டு அந்நூல் நிறுவியது. குடுமியான்மலைக் கல்வெட்டும் அத்தொகுப்பில் இடம்பெற்றது.

மகாதேவன் இரு ஆண்மக்களுக்குத் தந்தை. அவர்களுள் ஒருவரை இழந்த துயரை அவர் கொடையாக மாற்றினார். மறைந்த மகனின் நினைவாக வித்யாசாகர் கல்வி அறக்கட்டளையை நிறுவி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவினார். உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் அறவோர்க்கு உறைவிடம் அளித்தவர் கொற்றந்தை. பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தவர் மகாதேவன். இருவரும் மகன் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படும் தந்தையர்.

2009இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மகாதேவன், 2018 நவம்பர் 26ஆம் நாள் தம் 88ஆம் வயதில் காலமானார். அவர் படித்துத் தந்த எழுத்துகள் நூலில் பாதுகாப்பாக உள்ளன. ஆயின் அவற்றைத் தாங்கிய பாறைகள் அந்நிலையில் இல்லை. குகைச் சுவர்களில் பெயர் கிறுக்குவோரும், குன்றுகளைக் கல்லுக்காக உடைப்போரும் இன்றும் உளர். மகாவீரர் திருநாளில் குடும்பத்தோடு சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் செல்வோர், அக்கற்படுக்கைகளையும் அவற்றின் எழுத்துகளையும் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயர்களைப் படித்துச் சொல்லுதல் வேண்டும். அறிந்த பொருளையே அடுத்த தலைமுறை காக்கும். அம்மலைகளில் ஏறிய அறிஞர்க்குத் தமிழ்ச் சமணர் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.