நனைந்த உணரி காட்டும் மூச்சளவு: பச்சிளங்குழந்தைகளின் சுவாசக் கருவியில் நீர் படிதலைத் தடுத்தல் குறித்து

ஒரு கிலோ எடையுடன் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டர் வழியே ஒரு மூச்சில் கொடுக்கப்படும் வாயு 4 முதல் 6 மில்லிலிட்டர். இந்தச் சிறு அளவை அளக்கும் ஓட்ட உணரி, மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய டியூபுக்கும் சுற்றின் ஒய் வடிவ இணைப்புக்கும் நடுவில் பொருத்தப்படுகிறது. அதன் உட்கொள்ளளவு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். இவ்வளவு குறுகிய இடத்தில் தேங்கும் நீர் பெரும்பாலும் செவிலியர் கவனித்துத் துடைக்க வேண்டிய ஒன்றாகவே கருதப்படுகிறது. அது ஓர் அளவீட்டுப் பிழை. உணரியை வடிவமைக்கும் கட்டத்திலேயே தடுக்கப்பட வேண்டிய பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 37 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் வாயு 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் அதே ஒரு லிட்டரால் தாங்க முடிவது 23 மில்லிகிராம். இடையிலுள்ள 21 மில்லிகிராம் எங்கேனும் படிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 50 மூச்சு, மூச்சுக்கு 5 மில்லிலிட்டர் என்றால் நிமிடத்தில் 250 மில்லிலிட்டர் வெளிமூச்சு உணரியைக் கடக்கிறது. அது 25 டிகிரி அறையின் வெப்பநிலைக்கு முழுமையாகக் குளிர்ந்தால் நிமிடத்துக்கு 5 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மணிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் நீர் கிடைக்கும். மூன்று மணி நேரத்தில் உணரியின் உள்ளிடம் முழுவதையும் நிரப்பப் போதுமான அளவு இது. வாயு அவ்வளவு தூரம் குளிர்வதில்லை, நீரும் ஓரளவு வழிந்துவிடும். ஆகவே இதை மேல் வரம்பாகவே கொள்கிறேன். அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் நுண்ணிய அளவைக்கு அது மிகுதி.

கடலோர ஊர்களின் ஈரக் காற்றுதான் இதற்குக் காரணம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அது சரியன்று. குழாய்க்குள் ஓடும் வாயுவின் பனிநிலை, அதாவது அதன் ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, சென்னையிலும் ஊட்டியிலும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெளிக்காற்றின் ஈரத்துக்கு இதில் பங்கில்லை. உணரியின் சுவர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. ஏசியின் காற்று நேரே படும் படுக்கையில் குழாய்கள் விரைவில் நனைவதும், 34, 35 டிகிரி வெப்பமுள்ள இன்குபேட்டருக்குள் இருக்கும் உணரி அதே அறையில் நெடுநேரம் உலர்ந்திருப்பதும் இதனால்தான்.

படிந்த நீர் உணரியின் வகைக்கு ஏற்பப் பொய் சொல்லும். 1925-இல் ஆல்ஃப்ரெட் ஃபிளைஷ் அமைத்த நியூமோடகோகிராஃபில் நுண்குழாய்க் கற்றையின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்த வேறுபாடே ஓட்டத்தின் அளவு. சீரான ஓட்டத்தில் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஈரப்படலம் நுண்குழாய்களின் ஆரத்தை 5 சதவீதம் குறைத்தால் அதே ஓட்டத்துக்கு அழுத்த வேறுபாடு 23 சதவீதம் கூடும். கருவி அதை 23 சதவீதம் கூடுதல் ஓட்டமென்று படிக்கும். குறித்த மூச்சளவைத் தானே எட்டும்படி இயங்கும் முறையில், தேவைக்கு மேல் கொடுத்துவிட்டதாக எண்ணி வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கும். திரையில் 5 மில்லிலிட்டர் தெரியும். குழந்தைக்குக் கிடைப்பதோ 4 மில்லிலிட்டரை ஒட்டிய அளவு. எச்சரிக்கை மணி அடிக்காது. எனக்கு அச்சம் தருவது இந்த மௌனமே.

சூடான கம்பி உணரியில் சிக்கல் வேறு. கம்பி மிகச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஆவி நீராகாது. ஆனால் குளிர்ந்த சுவரில் திரண்ட துளி உருண்டு வந்து கம்பியைத் தொடலாம். ஒரு மில்லிகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 ஜூல் வேண்டும். கம்பிக்கு நூறு மில்லிவாட் மின்திறன் போகிறது என்று வைத்துக்கொண்டால், அது 24 விநாடி முழுதும் தரும் வெப்பம். அந்த வெப்ப இழப்பையும் கருவி ஓட்டமாகவே எண்ணும். சுற்றில் தேங்கி அலையும் நீரோ குழந்தை மூச்சிழுப்பதாகக் காட்டி, கேட்காத மூச்சுகளைத் தூண்டிவிடும். அழுத்த வேறுபாட்டு வகையில் மெல்லிய இணைப்புக் குழாய்களுக்குள் நீர் புகுவது மற்றொரு தொல்லை: நிமிர்ந்த குழாயில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால் ஒரு சென்டிமீட்டர் நீரழுத்தம் பிழையாகச் சேரும். அக்குழாய்களில் சிறிதளவு உலர் வாயுவை ஓயாது செலுத்துவது இதற்கு நல்ல மருந்து.

நடைமுறையில் எளிதாகக் கையாளப்படும் வழி, ஈரமூட்டியின் வெப்பத்தைக் குறைப்பது. குழாயில் தண்ணீர் நிற்காது. உணரியும் தெளிவாக இருக்கும். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2012 வழிகாட்டி, டியூப் பொருத்திய நோயாளிக்கு லிட்டருக்கு 33 முதல் 44 மில்லிகிராம் ஈரம் வேண்டும் என்கிறது. ஈரம் குறைந்தால் சளி இறுகும், 2.5 மில்லிமீட்டர் டியூப் அடைபட அதிக நேரம் ஆகாது. அளவுகோலைக் காப்பாற்ற மூச்சுப்பாதையைப் பலியிட முடியாது.

சரியான வழி, ஈரமூட்டியிலிருந்து உணரி வரை வெப்பநிலை எங்கும் இறங்காமல் பார்த்துக்கொள்வது. ஈரமூட்டியிலிருந்து 37 டிகிரியில் நிறைந்து வரும் வாயுவைக் குழாய்க்குள் உள்ள சூட்டுக்கம்பி 40 டிகிரிக்கு ஏற்றினால், அங்கே தாங்கக்கூடிய 51 மில்லிகிராமில் 44 தான் இருக்கும். ஒப்பு ஈரப்பதம் 86 சதவீதமாகிவிடும். உள்மூச்சுக்கு இந்த இடைவெளியே காப்பு. நிறைந்து திரும்பும் வெளிமூச்சுக்கு அது போதாது. உணரியின் சுவரும் 38 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். நுரைப்பஞ்சு உறை இழப்பைக் குறைக்குமே தவிர, சுவரைப் பனிநிலைக்கு மேல் ஏற்றாது. ஆகவே தனிச்சூடு வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும்? பத்துப் பதினைந்து சதுர சென்டிமீட்டர் பரப்பு அசையாக் காற்றில் 13 டிகிரி வேறுபாட்டுக்கு இழப்பது கால் வாட்டுக்குள் அடங்கும். ஏசி காற்று பட்டாலும் ஒரு வாட்டைத் தாண்டாது.

சூடாக்கினால் அளவே மாறாதா என்று கேட்கலாம். மாறும். காற்றின் பாகுநிலை டிகிரிக்குக் கால் சதவீதம் அளவில் உயரும்; 12 டிகிரிக்கு 3 சதவீதம். 25 டிகிரி உலர் வாயு 37 டிகிரியில் ஈரம் நிறைந்ததாகும்போது கன அளவு 11 சதவீதம் விரிவதும் உண்டு. ஆனால் இவை தெரிந்த, நிலையான, ஒரே வரிச் சமன்பாட்டில் திருத்தக்கூடிய மாற்றங்கள். நீர்ப்படலத்தின் பிழைக்கு அப்படியொரு சமன்பாடு இல்லை. மணிக்கு மணி மாறும். சூடான நிலையிலேயே அளவுத் திருத்தம் செய்துவிட்டால் எதிர்ப்புக்கு இடமில்லை.

சூடேற்றிய உணரி குழந்தையின் தோலருகே இருப்பதால் மிகைச் சூட்டைத் தானே துண்டிக்கும் அமைப்பு கட்டாயம் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். வார்மரின் கதிர்வீச்சு சுற்றின் வெப்பமானிமேல் விழுந்தால் ஈரமூட்டி ஏமாந்து தன் சூட்டைத் தணித்துவிடும். அங்கே ஒளியைத் திருப்பும் மறைப்பை ஒட்ட வேண்டும். உணரியைப் படுக்கையாக வைக்காமல், நீர் குழந்தையின் பக்கம் வழியாதபடி ஒய் இணைப்பை நோக்கிச் சரித்து நிறுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கக் குறிப்பு எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இரண்டு வரிதான். உணரிக்குத் தனிச்சூடு உண்டா என்று கேளுங்கள். அதன் துல்லியம் உலர் காற்றில் அளக்கப்பட்டதா, 37 டிகிரி ஈர வாயுவில் அளக்கப்பட்டதா என்பதை எழுத்தில் பெறுங்கள்.